பச்சைக் காருக்கு மூன்று நோட்டீஸ்

முஹர்ரம் பே, அலெக்ஸாந்திரியா
11 பிப்ரவரி 1988

அன்புத் தம்பி ரிஃபத்துக்கு அக்கா இன்ஸாஃப் எழுதுவது.

அஸ்ஸலாமு அலைக்கும். இங்கே நான் சுகம். மழையோடு முழங்கால் வலியும் வந்தது. மழை போய்விட்டது, வலி இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறது. அபுதாபியில் நீ சுகமா? கடல் தண்ணீரைக் குடிதண்ணீராக்கும் உங்கள் ஆலையில் நீயாவது வேளைக்கு ஒரு வாய் தண்ணீர் குடிக்கிறாயா?

விஷயத்துக்கு வருகிறேன். உன் பச்சைக் காருக்கு நோட்டீஸ் வந்திருக்கிறது.

நேற்று பள்ளிக்கூடம் விட்டு வந்தேன். நம் தெருவில் ஒரே கூத்து. நகராட்சியிலிருந்து ஓர் இன்ஸ்பெக்டர், கையில் பசை வாளி, கக்கத்தில் ஆரஞ்சுக் காகிதக் கட்டு. ஆள் உயரம், மீசை நேர்க்கோடு, சட்டையில் இஸ்திரி மடிப்பு கலையவில்லை. நம் தெருவைப் பற்றித்தான் உனக்குத் தெரியுமே, எல்லாக் காருக்கும் உறை போட்டிருக்கும். மனுஷர் முதல் நோட்டீஸை ஒட்டியது காபிக்கடை ஷலபி அடுக்கி வைத்துத் துணி போர்த்தியிருந்த நாற்காலிகளின் மேல்! ஷலபி சும்மா இருப்பாரா?

“ஐயா, நாற்காலிக்கு லைசென்ஸ் எடுக்கணும்னு எனக்குத் தெரியாதுங்க. சாயங்காலமே எடுத்துடறேன்!”

தெருவே சிரித்தது. அவர் சிரிக்கவில்லை. காகிதத்தை மெல்ல உரித்து, உம்மா ஜன்னல் திரையில் தைத்துப்போட்ட பூப்போட்ட உறையைத் தூக்கி, உன் காரின் கண்ணாடியில் ஒட்டினார். ‘ஆறு மாதத்துக்கு மேல் நகராமல், டயரில் காற்றில்லாமல், உரிமம் காலாவதியாகிப் பொதுத் தெருவில் நிற்கும் ஊர்தி கைவிடப்பட்டதாகக் கருதப்படும். மூன்று நோட்டீஸுக்குப் பிறகு அகற்றி நசுக்கப்படும்.’

எனக்கு எங்கிருந்து வந்ததோ கோபம்.

“கைவிட்டதா? யாருங்க கைவிட்டது? தினம் காலையில அதுக்கு சலாம் சொல்லிட்டுத்தான் நான் வேலைக்கே போறேன்!”

“சலாம் சொன்னா வண்டி ஓடாது டீச்சர்,” என்றார்.

ஒரு வருஷம் என்று சொல்லி நீ நிறுத்திப்போன கார். ஐந்து வருஷம் ஆகிவிட்டது. அதன் கூரையில் பக்கத்து வீட்டு உம்மு வஹீத் பூண்டு காயப்போடுகிறாள், உள்ளே பாஷா என்கிற பூனை குடியிருக்கிறது. என்ன செய்யட்டும், சொல். உரிமத்தைப் புதுப்பிக்க உடையவன் நேரில் வர வேண்டுமாம்.

உன் முகத்துக்கு என் முத்தம்.
இன்ஸாஃப்


அபுதாபி
3 மார்ச் 1988

மரியாதைக்குரிய அக்காவுக்கு, தம்பி ரிஃபத்தின் சலாம்.

உன் முழங்காலுக்கும் என் சலாத்தைச் சொல். நான் சுகம். சாப்பாடு சுமார். அறையில் நாங்கள் நான்கு பேர், அதில் சமைக்கத் தெரிந்தவன் ஒருவன், அதுவும் தெரியும் என்று அவன்தான் சொல்கிறான்.

காரை விட்டுவிடாதே அக்கா. எது போனாலும் போகட்டும், அது நின்ற இடத்தில் நிற்கட்டும். டயருக்கு உடனே காற்றடித்து விடு. இந்தக் கோடையில் நான் வருகிறேன், வந்து உரிமத்தைப் புதுப்பிக்கிறேன். அதுவரை அந்த இன்ஸ்பெக்டருக்கு நல்லபடியாக ஒரு டீ கொடு. அரசாங்கம் என்றாலும் தொண்டை தொண்டைதானே?

ஷலபிக்கு, உம்மு வஹீதுக்கு, மாடிவீட்டாருக்கு, எல்லாருக்கும் என் சலாம். பாஷாவுக்கும்.

உன் கையை முத்தமிடும்
ரிஃபத்


முஹர்ரம் பே
26 மார்ச் 1988

அன்புத் தம்பிக்கு, சலாமும் துஆவும்.

உன் கடிதம் கிடைத்தது. நான் சுகம். எல்லாருக்கும் சலாம் சொல்லிவிட்டேன், பாஷா பதில் சலாம் சொல்லவில்லை, கொழுத்துப் போய்விட்டது.

டயருக்குக் காற்றடித்தாயிற்று. நாலும் ஜம்மென்று நிமிர்ந்தன. நாங்கள் வெற்றி விழாக் கொண்டாடிக் கொண்டிருக்கையில் அந்த மனுஷர் வந்தார். பெயர் பஹ்கத்தாம். டயரை ஒவ்வொன்றாக விரலால் தட்டிப் பார்த்தார். “காத்து சரி. நகரணுமே?” என்று சொல்லிப் போய்விட்டார்.

நகர வேண்டுமா, நகர்த்திக் காட்டுகிறோம் என்று மறுநாள் பொழுது விடிந்ததும் ஷலபி ஆளைத் திரட்டினார். நம் தெருவில் ஒரு கார் கிளம்பாவிட்டால் பிரேதப்பெட்டி தூக்குகிறவர்கூட இறக்கி வைத்துவிட்டுத் தள்ள வருவாரே! ‘யா அல்லாஹ்’ என்று ஒரே மூச்சில் எதிர்ப்பக்கத்துக்குத் தள்ளினார்கள். அன்று பார்த்து முந்தின இரவு மழை. பஹ்கத் வந்தார். குனிந்து தரையைப் பார்த்தார்.

“டீச்சர், வண்டி தானாப் போச்சா, தள்ளிப் போச்சா?”

“தானாத்தான் போச்சு,” என்றார் ஷலபி எனக்கு முந்திக்கொண்டு.

“அப்ப சேத்துல இத்தனை செருப்புத் தடம் யாரோடது?”

“அதுங்களா? வண்டியை வழியனுப்ப வந்தவங்களோடது!”

சத்தியமாகச் சொல்கிறேன், மீசைக்குக் கீழே ஏதோ அசைந்தது. ஆனாலும் இரண்டாவது நோட்டீஸை ஒட்டிவிட்டுத்தான் போனார். நான் கொடுத்த டீயில் அரைக் கரண்டி சர்க்கரை போதுமென்றார். ஊரில் எல்லாரும் நாலு கரண்டி போட்டுக்கொள்ள, அரைக் கரண்டி குடிக்கிற ஆளிடம் இரக்கம் எங்கிருந்து வரும், சொல்? சட்டப் புத்தகத்தைச் சட்டைப்பையில் வைத்திருக்கிறார், மூக்குக்கண்ணாடி போட்டுத்தான் படிக்கிறார், கண்ணாடியின் ஒரு காது நூலால் கட்டியிருக்கிறது. மனைவி இருந்தால் இப்படி விட்டிருப்பாளா? எனக்கென்ன வந்தது.

ஷலபியின் மைத்துனன் அஜமியில் பட்டறை வைத்திருக்கிறானே, அங்கே கொண்டுபோய் உள்ளே நிறுத்தலாமா என்று கேட்டோம். பொதுத் தெருவில் இல்லையென்றால் சட்டம் தொடாதாம். “பழைய இரும்புக்கு எங்கிட்ட இடமில்ல” என்று முகத்தில் அடித்தாற்போல் சொல்லிவிட்டான்.

ஆக, நீ வந்தால்தான் உண்டு. ரமலானுக்குத் துணி அனுப்பாதே, ஆளை அனுப்பு.

இன்ஸாஃப்


அபுதாபி
23 ஏப்ரல் 1988

அன்பு அக்காவுக்கு சலாம். ரமலான் முபாரக். உனக்கும் தெருவுக்கும் நோன்பு லேசாகட்டும்.

நான் சுகம். கோடையில் வரலாமென்று எழுதியிருந்தேன். முடியாது போலிருக்கிறது. கோடையில்தானே ஊருக்குத் தண்ணீர் வேண்டும், அதனால் யாருக்கும் விடுமுறை இல்லையாம். குளிர்காலத்தில் நிச்சயம் பார்க்கலாம். அதற்குள் எப்படியாவது சமாளி.

வழியனுப்ப வந்தவர்கள் கதையை அறையில் படித்துக் காட்டினேன். சமையல்காரன் சிரித்ததில் குழம்பு அடிப்பிடித்துவிட்டது.

இன்னொன்று. கடிதத்தில் காருக்கு எத்தனை வரி, அந்த மீசைக்கு எத்தனை வரி என்று நீயே ஒரு தடவை படித்துப் பார்.

ரிஃபத்


முஹர்ரம் பே
21 மே 1988

தம்பிக்கு, பெருநாள் வாழ்த்து. கஅக் சுட்டேன். உன் பங்கை உம்மு வஹீதின் பேரப்பிள்ளைகள் தின்றார்கள், உன் பெயரைச் சொல்லிச் சொல்லித் தின்றார்கள்.

நீ வரவில்லை என்பதைப் படித்தேன். இது எத்தனையாவது குளிர்காலம் என்று நான் கேட்கப் போவதில்லை.

மீசைக்கு எத்தனை வரி என்றா கேட்டாய்? வாய் கொழுத்துவிட்டது உனக்கு. இருந்தாலும் நடந்ததைச் சொல்லித்தானே ஆக வேண்டும்.

நோன்புக் கடைசிப் பத்தில் ஒரு நாள் மாலை அஸர் தொழுகை தாண்டி இழுவை லாரி வந்துவிட்டது. மூன்றாம் நோட்டீஸ் இல்லாமலே! மேலதிகாரி யாரோ அவசரப்பட்டிருக்கிறார். பின்னாலேயே பஹ்கத் மூச்சிரைக்க ஓடி வந்து, “நிறுத்துப்பா! மூணாவது ஒட்டல, சட்டப்படி தொடக்கூடாது!” என்று லாரியின் முன்னால் நின்றார். நோன்பு வாயோடு! லாரிக்காரர் அப்துல் பாசித் என்று ஒரு மலை. “மூணு என்ன, மூணரைகூட ஒட்டுங்க. நான் மாட்டத்தான் போறேன்,” என்று கொக்கியைக் கையில் எடுத்தார்.

அப்போது உள்ளேயிருந்து ஒரு ‘மியாவ்’. இன்னொன்று. பிறகு பல.

பஹ்கத் கதவைத் திறந்தார். முன் இருக்கைக்குக் கீழே பாஷா, பக்கத்தில் கண் திறக்காத குட்டிகள்! இத்தனை வருஷம் பாஷா என்று கூப்பிட்டோமே, அது பேகமாம்! ஷலபி தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார். “நான் ஆம்பளைன்னு நம்பி எத்தனை ரகசியம் சொல்லியிருக்கேன்!”

பஹ்கத் கண்ணாடியைப் போட்டார். தெருநடுவே நின்று சட்டப் புத்தகத்தை முதலிலிருந்து கடைசிவரை புரட்டினார். பூனையைப் பற்றி ஒன்றுமில்லை. கடைசியில் பேனாவை எடுத்து, நானே பார்த்தேன், அறிக்கையில் எழுதினார்: ‘ஊர்தியில் குடும்பம் வசிக்கிறது.’

அதற்குள் நோன்பு திறக்கும் மஃரிப் பாங்கு. அந்த நேரத்தில் வாசலுக்கு வந்தவரை அனுப்பிவிட நாமென்ன கல்லா? தெருவில் மேசையைப் போட்டு அவரையும் அப்துல் பாசித்தையும் உட்கார வைத்தோம். மொச்சை ஃபூல், கத்தரிக்காய் ஊறுகாய், நான் செய்த கதாயிஃப். பஹ்கத் மூன்று கதாயிஃப் தின்றார். சர்க்கரைப் பாகு சொட்டச் சொட்ட! அரைக் கரண்டி என்பதெல்லாம் வெளிவேஷம்.

இப்போது வியாழக்கிழமைதோறும் குட்டிகள் கண் திறந்ததா என்று ‘பரிசோதனை’க்கு வருகிறார். காகிதத்தில் பொரித்த மீன் மடித்து வருகிறார், அரசாங்கக் கடமையாம். போகட்டும், கடமை தவறாத மனுஷர்.

ஜன்னல் திரையை மாற்றினேன். எனக்கும் ஒரு ஜோடி செருப்பு வாங்கினேன். பழசு தேய்ந்துவிட்டது, வேறொன்றுமில்லை.

இன்ஸாஃப்


அபுதாபி
10 ஜூன் 1988

கடமை தவறாத இன்ஸ்பெக்டரின் பரிசோதனையில் இருக்கும் என் அக்காவுக்கு சலாம்.

நான் சுகம். இங்கே வெயிலில் நிழலுக்கே வியர்க்கிறது. உன் கடிதத்தை நான்கு பேரும் படித்தோம். ஒருமனதாகத் தீர்ப்பு: முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறாய் அக்கா. செருப்பு தேய்ந்துவிட்டதாம்! வியாழக்கிழமைகளில் மட்டும் தேயும் செருப்பா?

அவருக்கு மனைவி உண்டா இல்லையா, அதைச் சொல்.

காரில் கண்ணாடிக்குக் கீழே தஸ்பீஹ் மணிமாலை தொங்குகிறது. வண்டியை இழுத்தாலும், தள்ளினாலும், பூனை குடியிருந்தாலும் அதை மட்டும் யாரும் கழற்ற வேண்டாம். தயவுசெய்து.

ரிஃபத்


முஹர்ரம் பே
24 ஜூன் 1988

ரிஃபத்,

சலாம். சுகம். முதலில் உனக்கு வசவு. பெரியவளிடம் பேசுகிற பேச்சா இது? அதையும் நாலு ஆண்பிள்ளைகள் கூடிப் படிப்பார்களா?

அவர் மனைவி இறந்து ஏழு வருஷம் ஆகிறது. பிள்ளைகள் இல்லை. குட்டிகளுக்கு மீன் பிட்டுப் போடும்போது அவராகச் சொன்னார். நான் கேட்கவில்லை. கண்ணாடியின் காதுக்கு மட்டும் ஒரு நல்ல திருகாணி வாங்கிப் போட்டேன், அது எந்தப் பெண்ணும் செய்வதுதான்.

இப்போது கேள். அந்த மணி யாருடையது? உம்மாவுடையது. வெள்ளிக்கிழமைதோறும் அவளை முன்னால் உட்கார வைத்து நீ கடற்கரைக்கு ஓட்டிப் போவாய், அவள் அதை உருட்டிக்கொண்டே ‘மெதுவாப் போடா, கடல் எங்கயும் ஓடிடாது’ என்பாள். அவள் மவுத்தாகி நாலு வருஷம். இந்த நாலு வருஷத்தில் ஷலபிக்கு சலாம் சொன்னாய், பூனைக்கு சலாம் சொன்னாய். உம்மாவின் பெயரை ஒரு கடிதத்தில் எழுதினாயா? கபுரில் என்ன செடி வைத்திருக்கிறது என்று கேட்டாயா? நானும் இத்தனை நாள் கேட்கவில்லை. இன்று கேட்டுவிட்டேன்.

குட்டிகள் வளர்ந்து ஆளுக்கொரு வீடு போய்விட்டன. பாஷா ஷலபியோடு போய்விட்டது. நேற்று மூன்றாவது நோட்டீஸ் ஒட்டியாயிற்று. ஹஜ்ஜுப் பெருநாள் கழிந்து வருகிற வியாழன், ஜூலை 28, கடைசி. பஹ்கத் ஓரமெல்லாம் நீவி நீவி ஒட்டினார். “டீச்சர், உங்க வண்டிய விட்டா ஊர் வண்டி எல்லாத்தையும் விடணும். அப்புறம் நான் யாரு?” என்றார். கோபம் வந்தது. ஆனால் வேறு மாதிரிச் சொல்லியிருந்தால் அவர்மேல் எனக்கிருக்கும் மதிப்பு போயிருக்கும். இதை எந்த நாலு பேருக்கும் படித்துக் காட்டாதே.

வந்துவிடு தம்பி. காருக்காக இல்லை.

அக்கா


முஹர்ரம் பே
15 ஜூலை 1988

தம்பிக்கு சலாம்.

உன்னிடமிருந்து பதில் இல்லை. தபால்காரரைப் பார்த்தால் நான் எழுந்து நிற்கிறேன், அவர் என்னைப் பார்த்தால் தெரு மாறிப் போகிறார். அதிகம் பேசிவிட்டேனா? பேசியிருந்தால் மன்னித்து, திட்டியாவது எழுது.

கபுரில் துளசி வைத்திருக்கிறேன். நன்றாக வந்திருக்கிறது.

இன்ஸாஃப்


அபுதாபி
16 ஜூலை 1988

அக்காவுக்கு.

சலாம். உடம்பு சுகம். பதில் எழுத உட்கார்ந்து உட்கார்ந்து எழுந்தேன்.

நான் படியேறினால் செருப்புச் சத்தத்திலேயே உம்மாவுக்குத் தெரியும், நான்தான் என்று. தெரிந்தும் உள்ளேயிருந்து “யாரது?” என்பாள். நான் “திருடன்!” என்பேன். “இந்த வீட்ல திருட என்னடா இருக்கு, கதவத் திற, உள்ள வா,” என்பாள். தினமும், அக்கா. நாற்பது தடவை டிக்கெட் வாங்கப் போயிருக்கிறேன். மூன்றாம் மாடிக் கதவு ஞாபகம் வரும். நான் ஏறுவேன், யாரும் கேட்க மாட்டார்கள். வரிசையிலிருந்து விலகிவிடுவேன்.

கார் அங்கே நிற்கும் வரை, ஏதோ காய்கறி வாங்கப் போயிருக்கிறேன், திரும்பி விடுவேன் என்பது போல ஒரு நினைப்பு. அவ்வளவுதான். அதற்காக நீயும் தெருவும் இத்தனை பாடு பட வேண்டாம். எடுத்துக்கொண்டு போகட்டும். மணியை மட்டும் கழற்றி நீ வைத்துக்கொள்.

ரிஃபத்


முஹர்ரம் பே
30 ஜூலை 1988

என் கண்ணே ரிஃபத்,

சலாம், ஆயிரம் சலாம். நான் சுகமா என்று கேட்காதே. எனக்கே தெரியவில்லை. சிரிப்பு அடங்கவில்லை. முதலிலிருந்து சொல்கிறேன்.

உன் கடிதம் வியாழன் காலையில்தான் வந்தது. வாசலிலேயே படித்தேன், அழுதேன். ஷலபி ஓடி வந்தார். “எடுத்துட்டுப் போகட்டும்னு எழுதிட்டான் ஷலபி. கார் போனா அவன் வரவே மாட்டான்,” என்றேன். அவர் வாசலில் நின்று இரண்டு கையும் தட்டினார். “இந்தத் தெருவுல ஆம்பளைங்க யாராவது இருக்கீங்களா, இல்ல எல்லாரும் பாஷா மாதிரியா?”

திட்டம் உம்மு வஹீதுடையது. கல்யாண வண்டியை எவனும் தொட மாட்டான் என்றாள். அரை மணியில் காரைக் கழுவி, கூரையிலிருந்த பூண்டை இறக்கி, பானட்டில் ரோஜா, கைப்பிடியெல்லாம் வெள்ளை ரிப்பன், கண்ணாடியிலிருந்த மூன்று நோட்டீஸுக்கும் மேலே ஒரு பெரிய பூங்கொத்து. ஐந்து வருஷத்தில் அதற்கு அத்தனை அழகு வந்து நான் பார்த்ததில்லை.

லாரி வந்தது. அப்துல் பாசித் இறங்கினார், காரைப் பார்த்தார், கொக்கியைக் கீழே போட்டார்.

“அஸ்தக்ஃபிருல்லாஹ்! பொண்ணு வண்டிய இழுத்தா என் கை விளங்குமா? எனக்கும் மூணு பொம்பளப் புள்ள இருக்கு. நான் மாட்டேன் சார்!”

பஹ்கத் காரை ஒரு சுற்றுச் சுற்றினார். இஸ்திரி மடிப்பு அன்றும் கலையவில்லை. “சரி. யாருக்குக் கல்யாணம்?” என்றார்.

ரிஃபத், இந்த ஒன்றை மட்டும் ஒருவரும் யோசிக்கவில்லை! தெருவே ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தது. உம்மு வஹீதுக்கு எழுபது வயது. “எனக்குன்னு சொன்னா நம்புவாங்களா?” என்று என் காதில் கேட்டாள். ஷலபி காபிக்கோப்பையைத் துடைத்துக்கொண்டே இருந்தார், அது எப்போதோ காய்ந்துவிட்டது. எனக்குப் பொய் சொல்ல வரவில்லை. அவரிடம் சொல்ல வரவில்லை. “இன்ஸ்பெக்டரே, இது...” என்று ஆரம்பித்தேன்.

அவர் என்னைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றினார், திருகாணியை விரலால் ஒருமுறை தடவினார், சட்டைப்பையில் வைத்தார்.

“மாப்பிள்ளை நான்,” என்றார். “பொண்ணு யாருன்னு டீச்சர்தான் சொல்லணும். சும்மா சொல்லக்கூடாது. நான் அறிக்கையில பொய் எழுத மாட்டேன்.”

நாற்பத்து மூன்று வயதில், தெருநடுவே, கையில் தம்பியின் கடிதத்தோடு, கண்ணெல்லாம் வீங்கி! நான் என்ன சொன்னேன் தெரியுமா? “அப்ப எழுதிக்குங்க,” என்றேன். அவ்வளவுதான் வந்தது.

உம்மு வஹீத் போட்ட குலவையில் மாடிப் புறாக்களெல்லாம் எழும்பின.

பிறகு ஒரே அமளி. அப்துல் பாசித், “பொண்ணு வண்டிய அகற்றத்தான் மாட்டேன், ஊர்வலம் கூட்டிட்டுப் போக மாட்டேன்னு எப்பச் சொன்னேன்?” என்று தானே கொக்கியை மாட்டினார். உன் காரில் உம்மாவின் இடத்தில் நான், ஸ்டீயரிங் பிடித்து பஹ்கத், பின்னால் உம்மு வஹீத் வகையறா. முன்னால் நகராட்சியின் லாரி இழுக்க, கடற்கரைச் சாலை முழுக்க ஹாரன். தெரியாதவர்களின் கார்களெல்லாம் சேர்ந்துகொண்டன, ஊர் வழக்கம்தானே. தஸ்பீஹ் மணி ஆடிக்கொண்டே வந்தது. நான் கழற்றவில்லை, கழற்றவும் மாட்டேன். அஜமி வரை போய் ஷலபியின் மைத்துனன் பட்டறை வாசலில் நின்றோம். பழைய இரும்புக்கு இடமில்லை என்றவன், பொண்ணு வண்டியைத் திருப்பி அனுப்ப முடியுமா? கதவை இரண்டு பக்கமும் திறந்தான், சர்பத்தும் கொடுத்தான். பஹ்கத் அங்கேயே அறிக்கையை முடித்தார்: ‘ஊர்தி பொதுத் தெருவிலிருந்து அகற்றப்பட்டது.’ ஒரு எழுத்து பொய்யில்லை! உரிமத்துக்கு நீ வரும்வரை அங்கே நிற்கும். எஞ்சினை நேற்று முடுக்கிப் பார்த்தான், இருமிவிட்டு எழுந்துகொண்டதாம்.

இனி உன் விஷயம். நிக்காஹ் நாளில் மாப்பிள்ளையின் கையோடு கை கோக்க, வெள்ளைக் கைக்குட்டைக்குக் கீழே என் தரப்பிலிருந்து ஒரு கை வேண்டும். வாப்பா இல்லை. தன்தாவிலிருக்கும் பெரியப்பா மகனைக் கூப்பிடலாமே என்று உம்மு வஹீத் சொன்னாள். பஹ்கத் சட்டப் புத்தகம் போலவே முகத்தை வைத்துக்கொண்டு, “கூடப்பொறந்த தம்பி இருக்கும்போது மத்தவர் கை எதுக்கு? காத்திருக்கலாம்,” என்றார். எத்தனை நாள் என்று கேட்டேன். “இதுக்கு நோட்டீஸ் கிடையாது டீச்சர்,” என்றார்.

ரிஃபத், உம்மா கதவுக்குப் பின்னால் இல்லை. அது எனக்கும் தினமும் சாவி திருப்பும்போது தெரிகிறது. நான் இருக்கிறேன்.

உன் அக்கா
இன்ஸாஃப்


தந்தி
அலெக்ஸாந்திரியாவிலிருந்து அபுதாபிக்கு
20 ஆகஸ்ட் 1988

யாரது?
இன்ஸாஃப்


தந்தி
அபுதாபியிலிருந்து அலெக்ஸாந்திரியாவுக்கு
21 ஆகஸ்ட் 1988

திருடன். வியாழன் காலை வருகிறேன். கதவைத் திற.
ரிஃபத்